கமலவேணியின் தாடை

கமலவேணி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். இறந்துபோன என் மனைவியின் தங்கை. மணி அடித்துப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஆசிரியர் அறை வாசலில் ஒரு கையில் குடையும் மறு கையில் கைக்குட்டையுமாக நின்றாள். கைக்குட்டை வாயை மறைத்திருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"பசியாறிட்டீங்களா, மாமா?"

"ஆச்சு. உட்காரு. என்ன விஷயம்?"

"டாக்டர் செய்றேன்னு சொல்லிட்டாரு."

எதை என்று நான் கேட்கவில்லை. அவள் அரசாங்கப் பல் கிளினிக்கில் வேலை செய்தாள். நோயாளிகளைப் பேர் சொல்லி அழைப்பது, கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது. மாதம் ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வருவார். மூன்று மாதம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் வேலை முடிந்ததும் அவளையே நாற்காலியில் உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு மூடச் சொன்னார். மூடியபோதுதான் அவருக்கு வேண்டியது தெரிந்தது.

கமலவேணிக்குக் கீழ்த்தாடை நீண்டு முன்னால் வந்திருக்கும். வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எதையும் கடிக்க முடியாது. கடைவாயில் சில பற்கள் மட்டும் சேரும். அவற்றை வைத்துத்தான் இருபது வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கம்போங் செட்டிக் குடியிருப்பின் பிள்ளைகள் சின்ன வயதில் அவளை 'டாகு' என்று கூப்பிடுவார்கள். மலாயில் டாகு என்றால் மோவாய். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள் என்ற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

"என்ன செய்வாராம்?"

"ரெண்டு பக்கமும் தாடை எலும்ப அறுத்து, கொஞ்சம் எடுத்துட்டு, பின்னால தள்ளி வெப்பாங்களாம். அப்பறம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டு கட்டிருவாங்க. ஆறு வாரம் வாயே தொறக்க முடியாது." சொல்லும்போது கண் சிரித்தது. "கலியாணசுந்தரம் மாமா சொல்றாரு, அந்த ஆறு வாரத்துக்காகவே செய்யலாமாம். வீடு அமைதியா இருக்குமாம்."

"அத்தை என்ன சொல்றாங்க?"

சிரிப்பு போய்விட்டது.

"முடியாதுன்னுட்டாங்க. எதுக்குடி வெட்டிக்கணும், மாப்ள ஒங்கக்காவ இந்தத் தாடையோடதானே கட்டினாரு, ஒன்னையும் கட்டிக்குவாருன்னு சொல்றாங்க."

இந்தப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். மூத்தவள் இறந்தால் இளையவளை அதே வீட்டுக்கு அனுப்புவது எங்கள் ஜனங்களிடம் புதிதல்ல. வருடத் திதி முடியட்டும் என்று மாமியார் காத்திருந்தார். எனக்கு அந்தக் காலத்தில் எதிலும் விருப்பம் இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதவனைச் சம்மதித்தவனாக எடுத்துக்கொள்வார்கள்.

"ஞாயித்துக்கெழம படையலுக்கு வருவீங்கல்ல. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க, மாமா. படிச்சவரு சொன்னா கேப்பாங்க."

"யோசிக்கிறேன்."

"இதுல நீங்க யோசிக்க என்ன இருக்கு?"

மேசையில் இருந்த நோட்டுகளை அடுக்கினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

யோசிக்க இருந்தது இதுதான். என்னிடம் என் மனைவி சிவகாமசுந்தரியின் படம் ஒன்றே ஒன்று இருந்தது, கல்யாணப் படம். ஸ்டூடியோக்காரர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நெகடிவில் பென்சிலால் தேய்த்து அவள் தாடையைக் குறைத்துவிட்டார். படத்தில் என் பக்கத்தில் உருண்டை முகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. கல்யாணமான புதிதில் சிவகாமியும் நானும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். 'இவ யாருங்க, ஒங்க மொதல் சம்சாரமா?' என்று கேட்பாள். காய்ச்சலில் பத்து நாள் கிடந்து அவள் போன பிறகு அந்தப் படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே தாடை. இறந்துபோன அப்பாவிடமிருந்து வந்தது. கமலவேணி பக்கவாட்டில் திரும்பி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றால் காதிலிருந்து மோவாய் வரை அதே கோடு. உஜோங் பாசிரில் வாடகை வீட்டில் தனியாக இருந்த நான் ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் வீடு இருந்த காஜா பெராங்குக்கு சைக்கிள் மிதித்தது மாமியார் சமையலுக்காக அல்ல. அந்தக் கோட்டை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக. டாக்டர் அதைத்தான் அறுக்கப்போகிறார்.

வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சாலை முனையில் மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்காக மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் தம்பி கலியாணசுந்தரம் நகராட்சியில் மேற்பார்வையாளர். அக்காள் மகளின் முதல் திதியன்றும் காலையில் போய் இரண்டு மூங்கிலுக்குக் கயிறு கட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். சட்டையெல்லாம் நார்.

"வாங்க மாப்ள. சுதந்திரம் சாயுது, முட்டுக் குடுத்துட்டு வர்றேன்," என்றார்.

வீடு கம்போங் செட்டிக்குள் நுழையும் சந்தின் முதல் வீடு. பக்கத்து வீட்டு மீனாச்சி தன் தோட்டத்து வாழையிலிருந்து இலை அறுத்துக்கொண்டு வந்து தந்தாள். அவர்கள் தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் செட்டிக் குடும்பம், வீட்டில் பேச்சு மலாய்தான். ஆனால் இறந்தவர்களுக்கு இலை போடுவது எங்களைப் போலவே. என் மாமியார் ருக்மணி அத்தையின் கையைப் பிடித்து ஏதோ மலாயில் சொன்னாள். அத்தை தலையை ஆட்டினார். இருவரும் அழுதார்கள். பிறகு அடுப்பில் என்ன வேகிறது என்று மீனாச்சி போய் மூடியைத் திறந்து பார்த்தாள்.

படையலுக்கு இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும். யாரும் வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. இலையில் எல்லாவற்றையும் வைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். வந்து சாப்பிடுவதற்கு அவகாசம் தர வேண்டும். அப்புறம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

"மாப்ள, எதுவும் விட்டுப்போயிடக் கூடாது. அவளுக்கு என்னென்ன பிடிக்கும்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க," என்றார் அத்தை.

"கஞ்சி. பால்ல ஊறின இடியாப்பம். ரசம் சோறு, கொழைய வடிச்சது. ஜவ்வரிசிப் பாயசம். வாழைப்பழம்."

"அதேதான். அதேதான் எல்லாம் செஞ்சிருக்கேன்." அவருக்குத் திருப்தி. "எம்மகளுக்கு நல்ல புருஷன் வாய்ச்சாரு. ஒண்ணையும் மறக்கல."

சிவகாமியின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். அதே கல்யாணப் படம்தான். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அத்தை ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று, நோயாளிக்கு வைத்ததுபோல் இருந்தது.

கமலவேணி அடுப்படியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டில் முறுக்கு, வறுத்த கச்சான் கடலை, நறுக்காத கொய்யாக்காய் ஒன்று, தோல் சீவாத கரும்புத் துண்டு, எலும்போடு பொரித்த கோழிக்கால். எல்லாவற்றையும் இலையின் இன்னொரு பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னடி இது?"

"அக்காவுக்கு."

"யாரு தின்றதுக்கு? மூளை இருக்கா? அவதான் கடிக்க மாட்டாளே."

கமலவேணி நிமிரவில்லை. கரும்பை நேராக வைத்தாள்.

"இப்பவுமாம்மா?" என்றாள்.

கலியாணசுந்தரம் மாமா சட்டை நாரைப் பிய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அத்தை கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தார். கையை நீட்டி எதையும் எடுக்கவில்லை. சூடத்தை ஏற்றினார். கும்பிட்டோம். வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

*

அத்தை முன்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். கலியாணசுந்தரம் மாமா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வளைவு நிற்கிறதா என்று பார்க்கப் போனார். நான் வீட்டின் பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கமலவேணி வந்தாள்.

"கோவமா, மாமா?"

"இல்ல. அவளுக்கு முறுக்கு பிடிக்கும்னு எனக்குத் தெரியாது."

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டு டின்னுல போட்டு வெப்பாங்க, வர்றவங்களுக்கு. நாங்க ரெண்டு பேரும் அம்மா கோயிலுக்குப் போறப்போ அத உரல்ல போட்டு இடிச்சு, தூளாக்கி, கரண்டியால தின்போம். அக்காவுக்கு தூள் தொண்டையில போயி இருமல் வரும். நான் சிரிப்பேன். 'சத்தம் கேக்காமத் திங்கிற முறுக்கு ஒரு முறுக்காடி'ன்னு சொல்லுவா."

அவள் சொன்னது சிவகாமியின் குரலிலேயே இருந்தது. 

"எங்கிட்ட சொன்னதில்ல."

"எப்படி சொல்லுவா? பொண்ணு பாக்க வந்தப்போ அவ மூஞ்சி பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க. அன்னிக்கு ராத்திரி என்னைத் தூங்கவே விடல. 'கமலா, அவருக்கு என் மூஞ்சி பிடிச்சிருக்காம்டி'ன்னு சும்மா சும்மா எழுப்பி சொன்னா. அப்பறம் அந்த மூஞ்சி எப்படித் திங்கும்னு ஒங்களுக்குக் காட்டுவாளா?"

சிவகாமியும் நானும் இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குப் பரிமாறிவிட்டு அவள் அடுப்படியில் சாப்பிடுவாள். சேர்ந்து சாப்பிடலாம் என்று நான் கூப்பிட்டதுண்டு. 'எங்க வீட்டுல அப்படித்தாங்க' என்பாள். பஸ் நிலையத்துக் கடையில் இரண்டு தட்டு மீ நூடுல்ஸ் சொல்வேன். பசிக்கவில்லை என்று கோப்பி மட்டும் குடிப்பாள். சிக்கனக்காரி என்று நினைத்தேன். அவளுக்கு எது பிடிக்கும் என்று அத்தையிடம் நான் சொன்னதெல்லாம் அவளால் முடிந்ததை. பிடித்ததை அல்ல.

தொட்டித் தண்ணீரில் ஒரு வாழைச்சருகு மிதந்தது. அதை எடுத்துப் போட்டேன்.

"வேணாம்னு சொல்லத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியும். என்னைப் பாக்குறப்போ நீங்க யாரப் பாக்குறீங்கன்னும் தெரியும். அம்மாவுக்கு நான் அப்பா. ஒங்களுக்கு நான் அக்கா. ஒரு மூஞ்சிய வெச்சுக்கிட்டு எத்தன பேருக்கு வேலை பாக்குறது, சொல்லுங்க? கிளினிக்குல சம்பளமாவது தர்றாங்க."

கைக்குட்டையை எடுத்து இடுப்பில் செருகினாள். சந்துப் பக்கம் பார்த்து, பக்கவாட்டில் திரும்பி நின்றாள். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவளைப்போல.

"பாத்துக்குங்க. அம்மா கதவத் தொறக்கிற வரைக்கும் நேரம் இருக்கு. கூச்சப்பட வேணாம்."

பார்த்தேன். வெயில் நேராக அவள்மேல் விழுந்தது. காதிலிருந்து கீழே இறங்கி, முன்னால் நீண்டு, மேலே திரும்பும் கோடு. மேலுதட்டுக்கு வெளியே நிற்கும் கீழுதடு. நான் நினைத்திருந்தபடியே எல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு நான் நினைத்திராதவையும் தெரிந்தன. காதுக்குக் கீழே அம்மைத் தழும்பு ஒன்று. சிவகாமிக்கு அது இல்லை. தாடை மூட்டுக்கு அருகில் சதை சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாயை மூடி வைத்திருப்பதே அவளுக்கு ஒரு வேலை. வெயிலில் கண் கூசிக் கண்ணீர் வந்தது. துடைக்காமல் நின்றாள். நான் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றாள்.

அது கமலவேணி. வேறு யாருமில்லை.

"போதும்," என்றேன்.

"நெசமா?"

"போதும். பயமா இல்லையா ஒனக்கு?"

"பயந்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கீழொதடு மரத்துப்போயி அப்படியே நின்னுடலாமாம். எல்லாருக்கும் இல்லையாம், சில பேருக்கு. மயக்க மருந்து குடுத்து எழும்பாமலே போறவங்களும் இருக்காங்களாம். டாக்டர் ஒண்ணையும் மறைக்கல. நான் அம்மாகிட்ட மறைச்சேன். ஒங்ககிட்ட சொல்றேன்."

"அப்படியும் செஞ்சுக்கணுமா?"

"நம்ம ஜனங்க கல்யாணம், காதுகுத்துன்னு கூப்பிடுறாங்க. பந்தியில எல்லாரும் ஒக்காந்து திங்கிறாங்க. நான் மொய் எழுதுற எடத்துல போயி நிக்கிறேன். கிளினிக்குல மத்தவங்க ஒண்ணா பசியாறப் போறாங்க. நான் கருவி கழுவுறேன். எனக்கு ஆப்பிள் வேணாம், கரும்பு வேணாம், மாமா. ஒரு ரொட்டித் துண்ட எல்லாரும் பாக்கக் கடிச்சு, வாய மூடிக்கிட்டு மென்னு முழுங்கணும். அவ்வளவுதான்."

முன்வாசலில் அத்தை எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

*

அத்தை கதவை மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தார். உள்ளே சூடப் புகை இருந்தது. இலையில் இருந்ததை எடுத்து எல்லாருக்கும் பங்கு வைத்தார். எனக்குக் கஞ்சியும் கோழிக்காலும். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். கமலவேணி வழக்கம்போல் உட்காராமல் நின்றாள்.

"தாடைய அறுத்து எடுக்கிறாங்களே, அத என்ன பண்ணுவாங்க?" என்று கலியாணசுந்தரம் மாமா கேட்டார். அவருக்கு மௌனம் ஆகாது. "ஒரு ராத்தல் தேறுமா? தேறுச்சுன்னா கேட்டு வாங்கிக்கிட்டு வா. வளைவுக்கு முட்டுக் குடுக்கலாம்."

"ஒங்க நாக்கையும் சேத்து அறுக்கச் சொல்றேன். அது ரெண்டு ராத்தல் தேறும்," என்றாள் கமலவேணி.

அத்தை சிரிக்கவில்லை.

"மாப்ள," என்றார். "இவ சொல்றது ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதோட முடிஞ்சிடும்."

கமலவேணி என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"போகட்டும், அத்தை," என்றேன்.

"என்னது?"

"செஞ்சுக்கட்டும். நான் கூடப் போறேன்."

அத்தையின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"ஒருத்திக்கு இன்னிக்குத்தான் மொத இலை போட்டிருக்கேன். இன்னொருத்திய கத்திக்கு அனுப்பச் சொல்றீங்களா? அவளுக்கு என்ன சீக்கு? காய்ச்சலா, கட்டியா? நல்லா இருக்கிறவள எதுக்குப் படுக்கவெச்சு அறுக்கணும்? கட்டிக்கப்போறவரு நீங்களே வேணாம்னா அவ ஏன்..."

"நான் கட்டிக்கப் போறதில்ல."

சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதிகம் பேசிப் பழக்கமில்லை.

"ஆப்பரேஷன் செஞ்சாலும் இல்ல, செய்யாட்டியும் இல்ல. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். இவ எனக்காக இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருக்க வேணாம், அத்தை."

"நல்லவேள," என்றாள் கமலவேணி. "நானும் ஒங்களக் கேக்கல, மாமா."

அத்தை எட்டி அவள் காலில் ஒரு அடி போட்டார். "வாயப் பாரு, வாய. இத அடக்கத்தான்டி கம்பி போடணும்." அப்புறம் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார். கலியாணசுந்தரம் மாமா கச்சான் ஒன்றை வாயில் போட்டார். கடித்தால் சத்தம் கேட்கும் என்று கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கப்பா போனப்போ," முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது, "ரெண்டு பிள்ளைங்க மூஞ்சியிலயும் அவரு இருக்காருன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் எழும்பி ஒல வெச்சேன். பெரியவளோட பாதி போயிடுச்சு."

கமலவேணி தரையில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில்.

"அப்பா எப்படிம்மா சாப்பிடுவாரு?"

அத்தை முந்தானைக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினார்.

"லோட்டாவுல கரைச்சுக் குடிப்பாரு. யாரும் இல்லாதப்போ."

"ஒனக்கு அது பிடிச்சிருந்துச்சா?"

"எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? அவருக்குப் பிடிக்கல." முந்தானையை எடுத்தார். கண் சிவந்திருந்தது. "ஒரு தடவ பன்றிக்கறி ரொம்ப ஆசப்பட்டு, மெல்ல முடியாம, தட்டத் தூக்கி வீசினாரு. சுவத்துல கறை ரொம்ப நாள் இருந்துச்சு. நான் அவருக்கு என்மேல கோவம்னு நெனச்சேன்."

வெளியே யாரோ மூங்கிலைக் கீழே போட்டார்கள். கலியாணசுந்தரம் மாமா வாசலைப் பார்த்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அத்தை கேட்டார்:

"ஆறு வாரம் வாயத் தொறக்காம எப்படிடி குடிப்ப?"

"கடைசிப் பல்லுக்குப் பின்னால கொஞ்சம் எடம் இருக்கும்மா. அங்க குழாய வெச்சு உறிஞ்சணும்."

"கோழிய எலும்போட வேகவெச்சு வடிகட்டினா எறங்குமா?"

"எறங்கும்."

"மஞ்சத்தூள் போடலாமா?"

"கேட்டுட்டு வர்றேன்."

"வாந்தி வந்தா?"

கமலவேணி என்னை ஒரு முறை பார்த்தாள். "கட்டின கம்பிய வெட்ட ஒரு கத்திரி குடுப்பாங்க. கழுத்துலயே தொங்கவிட்டுக்கணும்." அதுவரை அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது.

அத்தை தலையை ஆட்டினார். அவர் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆறிப்போன சோற்றை மறுபடியும் பிசைந்தார்.

"மாப்ள. அந்த டாக்டருகிட்ட சொல்லுங்க. கடிக்கிறதுக்கு எவ்வளவு அறுக்கணுமோ அவ்வளவு போதும். அதுக்கு மேல அழகு பண்றேன்னு கைய வெக்க வேணாம்."

"சொல்றேன், அத்தை."

"நானே சொல்லிக்கிறேம்மா," என்றாள் கமலவேணி. "அவரு எவ்வளவு அறுக்கப்போறாருன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் நானும் கேக்கல."

*

அடுத்த முறை டாக்டர் வந்தபோது நானும் கிளினிக்குக்குப் போனேன். என்னை உள்ளே கூப்பிடவில்லை. வராந்தாப் பெஞ்சில் பல்வலிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வந்து, மெர்டேக்கா முடிந்த மறுவாரம் சிங்கப்பூர் போக வேண்டும் என்றாள். மூவார் ஆற்றைப் பஸ்ஸோடு படகில் கடக்க வேண்டும் என்பதற்கே அத்தை பயப்படுவார் என்றாள். அத்தையும் வருகிறாரா என்று கேட்டேன். கோழி வடிகட்ட வேறு யாரை நம்புவார் என்றாள்.

"பசிக்குது, மாமா."

ஆற்றோரம் மலாய்க்காரர் ஒருவரின் சாத்தே கடை இருந்தது. கரிப்புகை சாலைவரை வந்தது. மரத்தடியில் இரண்டு மேசை. இரண்டிலும் ஆட்கள். அவள் ஒரு மேசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். கோழி சாத்தே சொன்னாள். எனக்குக் கோப்பி.

குச்சிகள் வந்தன. அவள் கறியைக் குச்சியிலிருந்து விரலால் உருவினாள். கடலைக் குழம்பில் தோய்த்து, வாயின் இடது ஓரமாகத் தள்ளினாள். தாடை பக்கவாட்டில் அசைந்தது, ஒரு திருகு, ஒரு நிறுத்தம், மறுபடியும் ஒரு திருகு. கறி பல்லுக்கு அகப்படாமல் நழுவியது. விரலால் தள்ளிக்கொடுத்தாள். குழம்பு மோவாயில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சீனக்கிழவர் ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினார். ஒரு துண்டை மென்று முடிக்க நான் அரைக் கோப்பை குடிக்கும் நேரமானது.

"சும்மா பாத்துக்கிட்டே இருக்காதீங்க, மாமா," என்றாள் வாய் நிறையக் கறியோடு. "வெக்கமா இருக்கு. எதாச்சும் பேசுங்க."

ஒரு வருடமாக வகுப்பில் பாடம் சொல்வது தவிர நான் யாரோடும் அதிகம் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது.

"எங்க டிரில் மாஸ்டர் பொன்னுதுரை இருக்காருல்ல," என்றேன். "மெர்டேக்காவுக்குக் கொடி ஏத்த ஒத்திக பாக்கணும்னாரு. புதுக்கொடி இன்னும் வந்து சேரல."

"சரி."

"தலைமையாசிரியரோட மேசை விரிப்ப உருவிக்கிட்டு வந்து ஏத்திட்டாரு. பச்சைக் கலரு. ஒரு ஓரத்துல மை கொட்டியிருக்கும். பள்ளிக்கூடம் பூரா அதுக்கு சல்யூட் அடிச்சோம்."

"நீங்களுமா?"

"நானுந்தான். காத்து அடிச்சுது. நல்லா விரிஞ்சு பறந்துச்சு."

அவள் சிரித்தாள். வாய் திறந்து, கறி தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். புரையேறியது. தண்ணீரை நகர்த்தி வைத்தேன். குடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு இன்னொரு குச்சியை எடுத்தாள்.

"அப்பறம்?"

"அப்பறம் தலைமையாசிரியர் அதத் தேடிக்கிட்டு வெளிய வந்தாரு," என்று நான் தொடர்ந்து சொன்னேன்.